இடதுபக்கக் கதவு

மூன்று வருஷமாக அமலா மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்குப் படிப்பு வரணும், வீட்டில் நோய்நொடி அண்டக் கூடாது என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஜெகதீசன் ஒருநாள் என் கையில் மாட்டணும் தாயே, அது போதும். மாதா கொஞ்சம் ஆற அமரத்தான் செய்தாள், ஆனாலும் செய்துவிட்டாள். மார்கழி பிறந்து நாலாம் நாள் காலையில், பனி இன்னும் விலகாத நேரத்தில், அந்தப் பச்சைக் கார் திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் ஆரோக்கியராஜின் டிங்கர் கடை முன்னால் வந்து நின்றது.

எழுபது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த ரெண்டு சீட்டுக் கார் அது. மேலே கூரை கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ரெண்டு குட்டிக் கதவு. நம் ஊர்க் கார்களில் கீல் முன்பக்கம் இருக்கும், கதவு கொஞ்சம் திறந்துகொண்டாலும் எதிர்க்காற்றே அறைந்து சாத்திவிடும். இதில் கீல் பின்பக்கம். கொக்கி லேசாக நழுவினால் போதும், காற்று உள்ளே புகுந்து கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவன் ரோட்டில் கிடப்பான். அமலாவின் புருஷன் அலெக்ஸ் அப்படித்தான் கிடந்தான், கிளியனூர் தாண்டி ஏரிக்கரை வளைவில். ஓட்டிக்கொண்டு போனது ஜெகதீசன்.

செத்ததை விடப் பெரிய கொடுமை ஒன்று அதற்கப்புறம் நடந்தது. அந்த விபத்துக்கு ஆறு மாசம் முன்னால்தான், இடதுபக்கக் கதவுக்குப் பாதுகாப்பாக ரெண்டாவது கொக்கி ஒன்று போட அலெக்ஸிடம் கார் வந்திருந்தது. போட்டுக் கொடுத்து அனுப்பினான். பிறகு பிரேக் சத்தம் என்று கார் மறுபடி வந்து, ஓட்டிப் பார்க்கப் போன இடத்தில்தான் விழுந்தான். போலீஸ்காரர்கள் கதவைப் பார்த்தபோது அதில் ரெண்டாவது கொக்கியே இல்லை. ஜெகதீசன் ஸ்டேஷனில் கைகட்டி நின்று சொன்னான்: "நா போடச் சொன்னேன் சார். அந்த ஆளு போடாமலே போட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான். பாவம், அவன் செஞ்சது அவனையே எடுத்துக்கிச்சு."

ஊர் அதை நம்பியது. அலெக்ஸின் அண்ணன் ஆரோக்கியராஜும் நம்பினான், அதுதான் அமலாவுக்கு ஆறவில்லை. அந்தக் கொக்கி போட்ட வாரம் அவன் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருந்தான், கண்ணால் பார்க்கவில்லை. தம்பியின் வருஷப் பூசை அன்றுகூடக் கோயில் வாசலில் நின்று, "நாலே நாலு ஸ்க்ரூ. அத்தப் போடறதுக்கு இன்னாடா சோம்பேறித்தனம் உனுக்கு" என்று அழுதான். மூணாவது படிக்கும் மகள் இசைவாணி ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எம்மா, அப்பா ஏமாத்துற வேல செஞ்சி செத்துட்டாராமே?" என்று கேட்டாள். சொன்ன பிள்ளை யார் என்று அமலா விசாரிக்கவில்லை. சொல்ல வைத்தவன் யார் என்று தெரியும்.

அப்பேர்ப்பட்டவன் இப்போது வெள்ளைச் சட்டையும் குளிர்கண்ணாடியுமாக இறங்கினான். விழுப்புரத்தில் மாடிவீடு, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு. ஐம்பத்தைந்து வயதுக்கு ஆள் நன்றாகத்தான் இருந்தான்.

"ஆரோக்கியம், நல்லா கீறியா?"

ஆரோக்கியராஜ் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். அவனுக்கு இந்த மனுஷன்மேல் கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. தம்பி செய்த தப்புக்குத் தான் பதில் சொல்லி நிற்கிறதாக நினைப்பு.

"வாங்க சார். இன்னா சார் திடீர்னு?"

"பொங்கலுக்குப் பாண்டிச்சேரிலேந்து மாமல்லபுரம் வரைக்கும் பழைய கார் ஊர்வலம் வெச்சிக்கிறாங்க. என் பொண்ணு கலைமதி பக்கத்துல ஒக்காந்து வர்றேன்னு ஒரே அடம். ரெண்டு கதவுக்கும் சேஃப்டி பண்ணணும். உள்ள குறுக்க இரும்புப் பட்டை, ரெண்டாவது கொக்கி, சீட்டு பெல்ட்டு, எல்லாம். சென்னையில கேட்டேன், மரச்சட்டம் வெச்ச கதவுன்னா கைய வைக்க மாட்டேன்றானுங்க. உன்ன விட்டா ஆளு இல்ல."

"இதெல்லாம் புதுசா மாட்டுனா ஊர்வலத்துல குடுக்கற ஒரிஜினல் மார்க்கு போயிடுமே சார்? முந்தி அதுக்கெல்லாம் ரொம்பப் பாப்பீங்களே."

"மார்க்கு போனா போவுதுப்பா. பொண்ணு ஒக்காரப் போற எடம்."

உள்ளே தையல் மெஷினில் சீட் உறை தைத்துக்கொண்டிருந்த அமலாவின் கால் மிதிப்பதை நிறுத்தியது. மார்க்கு போனா போவுது. அலெக்ஸ் போனபிறகு கடையில் சீட் வேலை, தோல் வேலை, வண்டியை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கிற வேலை எல்லாம் அவளுடையது. எழுந்து வந்து புடவையில் ஒட்டிய நூலைத் தட்டியபடி நின்றாள்.

"வேல நாங்க செஞ்சித் தர்றோம் சார்," என்றாள். "அஞ்சு நாளு ஆவும்."

ஜெகதீசன் அவளை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "நல்லது மா. நடந்தது நடந்துபோச்சி. மனசுல வெச்சிக்காத."

"வெச்சிக்கினா வேல நடக்குமா சார்?" என்று சிரித்தாள் அமலா. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆரோக்கியராஜுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவன் விழுப்புரம் பஸ் ஏறிப் போனதும் ஆரோக்கியராஜ் கேட்டான். "இன்னா அமலா, ஒத்துக்கினே? இத்த வேணாம்னு அனுப்பிடலாம்னு இருந்தேன். நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"இருக்கட்டும் மாமா. கதவப் பிரிச்சாதான் உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியும்."

"உள்ள இன்னா இருக்கப்போவுது. இல்லாததுதான் தெரியுமே ஊருக்கே."

அமலா வேகவைத்த மல்லாட்டைக் கடலையை ஒரு முறத்தில் கொட்டி அவன் பக்கம் தள்ளிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இடதுபக்கக் கதவுக்குப் போனாள்.

அந்தக் கதவின் உள்பக்கத் தோலை அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அலெக்ஸ் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்து, "கொக்கி போட்டுட்டேன், இத்த நீயே தச்சிக் குடுத்துடு, அந்தாளு ஊசிக்கண்ணுல பாப்பான்" என்று மடியில் போட்டான். மண்ணெண்ணெய் நாற்றமும் கருவாட்டுக் குழம்பு வாசமுமாக இருந்த அந்தச் சாயங்காலம் உட்கார்ந்து, காப்பிக் கலர் நூலை ரெட்டையாக முறுக்கி, நெருக்கு நெருக்காகத் தைத்தாள். இப்போது பார்த்தால் அவள் தையல் ஒன்றுகூட இல்லை. தோலைச் சுற்றிலும் குட்டிக் குட்டிப் பித்தளை ஆணி. அந்தக் காலத்துக் காரில் எப்படி இருந்ததோ அப்படியே.

அலெக்ஸ் கையை விட்டுப் போனபிறகு யாரோ இதைப் பிரித்திருக்கிறார்கள்.

ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பித் தோலை விலக்கினாள். உள்ளே வெள்ளைமரச் சட்டம், வார்னிஷ் பளபளவென்று இருந்தது. விரலால் தடவினாள். ஓர் இடத்தில் மரத்தின் ரேகை அறுந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடைத்திருந்த பட்டி மாவு உதிர்ந்தது. பட்டிக்கு அடியில் தீக்குச்சி. தீக்குச்சியை ஊசியால் குத்தி எடுத்தாள். ஓட்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கீழே ரெண்டு. நாலும் நாலு மூலையாக, கொக்கியின் அடித்தகடு எவ்வளவோ அந்த அளவில்.

நாலு ஸ்க்ரூ போட்டிருக்கிறான் என் புருஷன். நாலையும் கழற்றி, குச்சி சொருகி, பட்டி பார்த்து, வார்னிஷ் அடித்து, லண்டன் ஆணி வரவழைத்து அறைந்திருக்கிறான் இந்தப் பாவி. எதற்கு? மார்க்குக்கு. கப்பு வாங்கி அலமாரியில் வைப்பதற்கு. கழற்றினதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலெக்ஸ் அந்தக் கதவில் சாய்ந்திருப்பானா? தான் போட்ட கொக்கி தன்னைத் தாங்கும் என்றுதானே தோளைச் சாய்த்து உட்கார்ந்தான். அமலா கத்தி அழுதிருப்பாள், ஆனால் ஆரோக்கியராஜ் காதில் விழுந்தால் அவன் தெருவுக்கு ஓடிப்போய்க் கூச்சல் போடுவான், ஜெகதீசன் வக்கீலோடு வந்து நிற்பான். ஓட்டைக்கு வாய் இல்லை. அலெக்ஸே போட்டுக் கழற்றிவிட்டான் என்று இன்னொரு கதை கட்டுவான். அவன் வாயாலேயே வரணும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோலை மறுபடி மூடிவைத்தாள்.

அஞ்சு நாளும் அவள் வேலை செய்ததைப் பார்த்து ஆரோக்கியராஜ் மிரண்டான். கேப்பைக் கூழை நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவாள். கதவுக்குள் குறுக்காக இரும்புப் பட்டையை அவன் வளைத்துக் கொடுக்க, அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, கொஞ்சம் ஒக்காரேன்," என்றான். "இன்னா வெறி புடிச்சிக்கினு செய்யிற?"

"அந்தப் பொண்ணு ஒக்கார்ற கதவு மாமா. அதுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

இதை அவள் மனசாரத்தான் சொன்னாள். முதல் ராத்திரி வேறு மாதிரி நினைப்பும் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. நாலு ஸ்க்ரூவில் ரெண்டை அரைகுறையாக முறுக்கிவிட்டால் அவனுக்கும் தெரியும் வலி என்று நினைத்தாள். நினைத்த மறுநிமிஷமே சீ என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அந்தப் பெண் என்ன செய்தது? அதுவுமில்லாமல், அப்படிச் செய்தால் அலெக்ஸ் சரியாக வேலை செய்யவில்லை என்று ஊர் சொன்னது நிஜமாகிவிடும். இவனை இவன் வாயாலேயே அறுக்கணும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கதவு வேலை பார்த்த வண்டியை எப்போது ஓட்டிப் பார்க்கப் போனாலும், அந்தக் கதவில் கடைசியாகக் கை வைத்தவன் யாரோ, அவன்தான் அந்தக் கதவோரம் உட்காரணும். அவன் வேலையை அவன் உடம்பை வைத்துச் சோதிப்பது. ஆரோக்கியராஜின் அப்பா காலத்து லாரி டிங்கர்கள் எல்லாருமே அப்படித்தான், திண்டிவனத்தில் மற்ற கடைகளிலும் இது தெரியும். அலெக்ஸ் அன்று ஓரத்தில் உட்கார்ந்ததும் இதனால்தான். கடைசியாகக் கை வைத்தது தான்தான் என்று அவன் நினைத்தான்.

ஆறாம் நாள் ஜெகதீசன் மகளோடு வந்தான். கலைமதிக்கு இருபது வயது இருக்கும், பாண்டிச்சேரியில் படிக்கிற பெண். கடை வாசலில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பார்த்து, "சூப்பரா இருக்குதுக்கா, நீங்களே செஞ்சதா?" என்றாள். நல்ல மாதிரிப் பெண். அமலாவுக்கு அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இடதுபக்கத்துக் கொக்கியில் மூணு ஸ்க்ரூ முறுக்கியிருந்தது, நாலாவது அவள் உள்ளங்கையில்.

"சார், கடைசி ஸ்க்ரூ ஓனர் கையால போடுங்க. பாப்பா ஒக்கார்ற எடம், அப்பா கை பட்டா நல்லது."

ஜெகதீசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து முறுக்கினான், தோலையும் தானே மேலே இழுத்துக் கொக்கி தெரியாமல் மூடினான். அவன் கை டிரைவரைப் பிடிக்கிற பழக்கத்தை அமலா பார்த்துக்கொண்டே நின்றாள். ஆரோக்கியராஜ் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான், அப்பனையும் மகளையும் எதிர்க்கடைக்கு டீ குடிக்க அழைத்துப் போனான். கதவோரம் அவள் தனியாக இருந்தது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் அமலா கதவைத் தொடக்கூட இல்லை. வலதுபக்கக் கதவுக்கென்று செய்து இன்னும் மாட்டாமல் வைத்திருந்த கொக்கியை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"ஓட்டிப் பாத்துரலாம் சார். நா ஓட்டறேன், நீங்க அந்தப் பக்கம் ஒக்காருங்க. கடைசியா கை வெச்சவங்கதான் ஓரத்துல ஒக்காரணும், எங்க கட வழக்கம்."

"தெரியும் மா, உன் வூட்டுக்காரன் சொல்லிக்கீறான்," என்று சிரித்துக்கொண்டே ஏறினான். "பெல்ட்டு எங்க?"

"வந்து மாட்டித் தர்றேன் சார். போல்ட்டு இப்பதான் பெயிண்ட் காயுது."

பாண்டி ரோட்டில் ஏறியதும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. இடப்பக்கம் மல்லாட்டைக் கொல்லை, வலப்பக்கம் சவுக்குத் தோப்பு. கிளியனூர் தாண்டும் வரை ஜெகதீசன் பழைய கார் ஊர்வலத்தைப் பற்றியே பேசினான். அமலா ம் கொட்டினாள். ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிந்ததும் வேகத்தைக் கூட்டினாள். கதவில் பழைய கொக்கி கடகடவென்று ஆடியது.

"இன்னாமா சத்தம்?"

"பழைய கொக்கி சார். ஒரிஜினல். அது அப்டித்தான் ஆடும்."

"அதான் புதுசு போட்டோமே, அப்பறம் ஏன் ஆடுது?"

அமலா இடது கையால் மடியிலிருந்து கொக்கியை எடுத்து அவன் எதிரே வைத்தாள். நாலு ஓட்டையும் அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தன.

"இத்தயா சார் கேக்கறீங்க?"

ஜெகதீசன் அதைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. "ஏய், வண்டிய நிறுத்து! கழட்டிட்டியா? எப்ப கழட்டுன?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப. மார்க்கு போயிடும்ல சார், அதான்."

"நிறுத்துடி! வளவு வருது, நிறுத்து!"

"போன தடவ இந்தக் கதவுல கடைசியா கை வெச்சது யாரு சார்?"

"அமலா, வேணாம் மா, உன் கால்ல வுழறேன்."

"கால்ல வுழ எடம் இல்ல சார். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"நாந்தான்! நாந்தான் கழட்டுனேன்!" குரல் கீச்சென்று வந்தது. ரெண்டு கையாலும் கதவைக் கட்டிப் பிடித்திருந்தான். "சென்னையில மார்க்கு கொறைச்சிட்டானுங்க. அடுத்த ஊர்வலத்துக்கு நானே கழட்டி அடச்சேன். கப்பு குடுத்தாங்க. அன்னிக்கி அவங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், மறந்துட்டேன் மா. ஸ்டேஷன்ல கேட்டப்ப பயத்துல வாயில வந்துடுச்சி. நிறுத்து மா!"

சொல்லிவிட்டான். அமலா வேகத்தைக் குறைக்கவில்லை. அதே வேகத்தில் வலதுபக்கமாக வளைத்தாள். ஜெகதீசனின் உடம்பு முழுசும் போய்க் கதவில் மோதியது. அவன் போட்ட ஓலத்தில் கரையில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. கதவு ஒரு நூல்கூட நகரவில்லை. ஆனால் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான், அது அவனுக்குத் தெரியாது. அமலாவுக்கு வயிறு குளிர்ந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

வளைவு தாண்டி வண்டியைத் திருப்பினாள். திண்டிவனம் வரும் வரை கொக்கி கதவிலேயே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவன் அத்தனை தூரமும் கதவைக் கட்டிக்கொண்டே வந்தான்.

கடை வாசலில் கலைமதி செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க ஓடிவந்தாள். "எப்டிப்பா இருந்துச்சி?" என்றவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அவன் விரல்கள் கதவிலிருந்து பிரியவில்லை. ஆரோக்கியராஜ் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"இன்னா ஆச்சு சார்? அமலா, இன்னா?"

"சார் ஒண்ணு சொன்னாரு மாமா, ஏரிக்கரை வளவுல. அத்த உங்ககிட்டயும் பாப்பாகிட்டயும் சொல்லுவாரு."

ஜெகதீசன் கையெடுத்துக் கும்பிட்டான். "கொழந்த எதிர்ல வேணாம் மா. ஆரோக்கியத்துக்கிட்ட சொல்றேன், ஸ்டேஷனுக்குக் கூட வந்து எழுதித் தர்றேன். இவ எதிர்ல வேணாம்."

"எம் பொண்ணு எதிர்ல ஊரே சொல்லுச்சி சார், ஏமாத்துறவன் பொண்ணுன்னு. அதுக்கு எட்டு வயசு. உங்களுக்கு இருவது வயசுப் பொண்ணு, தாங்கும். நீங்க சொல்றீங்களா, நா சொல்லட்டா?"

அவனே சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாக. மார்க்கு, பட்டி, தீக்குச்சி, ஸ்டேஷன், எல்லாம். ஆரோக்கியராஜ் அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். "எப்பா அலெக்ஸு," என்றான். "மூணு வருசமா நானும் உன்னத் திட்டிக்கினே இருந்தனேப்பா. நானும்தானே திட்டுனேன்." மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றே அமலா நின்றாள்.

கலைமதி அழவில்லை. அப்பாவை விட்டுக் கதவுப்பக்கம் போய்த் தோலை விலக்கிப் பார்த்தாள், உள்ளே போட்ட இரும்புப் பட்டையின் முனையை, கொக்கியை, நாலு ஸ்க்ரூவை.

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்டாள்.

ஜெகதீசன் அவள் கையைப் பிடிக்க எட்டினான்.

"கழட்டிட்டேன்னு ஒரு வார்த்தப்பா. அந்த அண்ணன் ஏறுனப்ப, கதவுல சாயாதன்னு ஒரு வார்த்த. அத்தக்கூடவா சொல்ல முடியல?"

அமலா அதற்குள் வேலையில் இறங்கியிருந்தாள். வலதுபக்கக் கதவுக்குக் கொக்கியை மாட்டினாள். ரெண்டு சீட்டுக்கும் பெல்ட்டைப் போல்ட்டில் ஏற்றி, இழுத்துப் பார்த்து, திருகினாள். ஒரு குறை வைக்கவில்லை. அலெக்ஸ் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

"முடிஞ்சிது சார். எடுத்துக்கினு போங்க."

ஜெகதீசன் ஏறி உட்கார்ந்தான். "வா கலை, போலாம். வூட்டுக்குப் போய் பேசிக்கலாம்."

கலைமதி நகரவில்லை. அமலாவின் பக்கம் திரும்பி, "அக்கா, விழுப்புரம் பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

"நேராப் போயி மேம்பாலத்தாண்ட. அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு வரும்."

"கலை! ஏறும்மா. சேஃப்டி எல்லாம் பண்ணிட்டாங்க, பாரு. ஏறும்மா."

அவள் துப்பட்டாவை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர்கள் வழிவிட்டார்கள். ஜெகதீசன் அவள் முதுகு மறையும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அமலாவைப் பார்த்தான். அவளிடம் ஏதாவது சொல் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

அவள் இடதுபக்கம் போய்க் கதவைச் சாத்தினாள். ரெண்டு கொக்கியும் டக், டக் என்று விழுந்தன. காலி சீட்டின் பெல்ட் ஓட்டத்தில் தட்டிக்கொண்டே போகாமலிருக்க, அதை இழுத்து வெறும் சீட்டுக்குக் குறுக்கே மாட்டிவிட்டாள்.

"ஜாக்கிரதையாப் போங்க சார்," என்றாள்.